மத்தியானங்களில் கேட்டுக்கொண்டிருந்தவன்

சங்கானைச் சந்தைக்கு எதிரே பரமலிங்கத்தின் பாமசியில் நிமலினி நிற்காத நாட்களில், வந்தவர்களில் பாதிப்பேர் ஒன்றும் வாங்காமலே திரும்பிவிடுவார்கள். "பிள்ளை இல்லையோ? அப்ப நாளைக்கு வாறன்" என்று வாசலிலேயே சைக்கிளைத் திருப்புகிறவர்களைப் பார்த்து முதலாளி பரமலிங்கம் சிரிப்பார். கடை அவருடையது, வருகிற சனம் அவளுடையது. ஊரில் யாருக்குச் சீனி வருத்தம், யாருக்கு நித்திரைக் குளிசை இல்லாமல் கண் மூடாது, எந்தப் பெண் புருஷனுக்குத் தெரியாமல் என்ன மருந்து எடுக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சில மருந்துகளைக் கேட்கும்போது சனத்தின் குரல் தணிந்துவிடும். அவளும் குரலைத் தணித்துக்கொண்டு, கடதாசிப் பையில் போட்டு வாயை மடித்துக் கொடுப்பாள். பைக்குள் இருந்தது என்னவென்ற கதை அவளிடமிருந்து ஒருநாளும் வெளியே போனதில்லை.

அவளுடைய வீடு வட்டுக்கோட்டையில். கணவன் ஜஸ்ரின் பள்ளிக்கூட வான் ஓடியவன். வானுக்குள் பிள்ளைகளைப் பாடவைத்துக்கொண்டே போவான். வானுக்கு முன்னால் பாட்டு வந்துவிடும் என்று தாய்மார் சொல்வார்கள். ஒரு மாரி நாளில், பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்புகையில், காரைநகர் வீதியில் எதிரே வந்த மண் லொறிக்கு விலத்தப் போய் மதகோடு மோதினான். முள்ளந்தண்டு போய்விட்டது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகள் மெதுவாக அசைந்தன. குரல் மட்டும் பழைய குரல்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு சின்ன அறைகள். அவற்றின் கதவுக்குள்ளால் சக்கர நாற்காலி போகாது. அதனால் கட்டிலை ஹோலில் போட்டார்கள். அந்த ஒரு ஹோலுக்குள்ளேதான் அவன் சாப்பிட்டான், படுத்தான். அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து அவனைத் துடைத்ததும், உடுப்பு மாற்றியதும், கிணற்றடியிலிருந்து ஈரத்தோடு வந்து தான் உடுப்பு மாற்றியதும் அங்கேதான். அவனிடமிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதற்கு அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் வேலையை விட்டுவிட்டு அவனோடேயே இருந்தாள். பிறகு பரமலிங்கம் வந்து கூப்பிட்டார். பக்கத்து வளவுக் குணலட்சுமி, காலையும் மத்தியானமும் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மற்ற நேரத்துக்கு என்ன செய்வது என்ற யோசனையில்தான் கமரா வந்தது. சங்கானையில் போன்கள் திருத்திக் கமரா பூட்டுகிற சுதாகரன் வந்து, அலுமாரிக்கு மேலே சுவரில் பூட்டினான். அது தலையைத் திருப்பிப் பார்க்கும். இங்கே பேசினால் அங்கே கேட்கும், அங்கே பேசினால் இங்கே கேட்கும். அவளுடைய போனில் எப்படித் திறப்பதென்று காட்டிக் கொடுத்துவிட்டு, "சரி அக்கா, இனி நீங்கள் கடையிலை நிண்டே அண்ணையைப் பாக்கலாம்" என்று சொல்லிப் போனான்.

அந்த வெள்ளைக் கமரா வந்தபிறகு வீட்டுக்கு ஒரு சந்தோசம் திரும்பியது என்று சொன்னால் பொய்யில்லை. மத்தியானம் சனம் குறைந்த நேரத்தில் அவள் போனைத் திறப்பாள். கமராவின் தலை மெல்லிய சத்தத்தோடு கட்டில் பக்கம் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் ஜஸ்ரின் கையைத் தூக்குவான்.

"பாமசி அம்மா, சாப்பிட்டீரோ?"

"இனித்தான். நீங்கள் தண்ணி குடிச்சனீங்களோ?"

"குடிச்சன். குணலட்சுமி அக்கா வந்து குடிக்கப்பண்ணிப்போட்டுத்தான் போனவ."

கடையில் ஆட்கள் நின்றால் அவள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க மட்டும் செய்வாள். அப்போது அவள் பேசமாட்டாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அதனால் அவள் மறுமொழி சொல்லாவிட்டாலும், தலை திரும்பிய சத்தம் கேட்டால் போதும், அவன் தன் பாட்டில் பேசிக்கொண்டிருப்பான். பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்ததும், "இண்டைக்கு நான் சொன்னது கேட்டனீரோ?" என்பான். சில நாட்களில் அவள் கமராவைத் திறந்தே இருக்கமாட்டாள். சந்தை நாளென்றால் தலை நிமிர்த்த நேரமிராது. ஆனாலும் நாள் முழுக்கத் தனியே கிடந்த மனுஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம், கேட்டனான்" என்று சொல்லிவிடுவாள். அது ஒரு பெரிய பொய்யாக அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த பங்குனி வெயிலில் ஒரு நாள், கடையில் அவளோடு வேலை செய்கிற கோபிகா, மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு அவளைக் கூப்பிட்டாள். கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா, இதை உங்களுக்குக் காட்டவும் ஏலாமல் இருக்கு, காட்டாமல் இருக்கவும் ஏலாமல் இருக்கு."

போனில் அவளுடைய ஹோல் தெரிந்தது. முதலில் அவள் கண்டது கட்டில் விரிப்பைத்தான். நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய நீலப் பூப்போட்ட விரிப்பு. பிறகு கிணற்றடியிலிருந்து குறுக்குக்கட்டோடு ஒருத்தி உள்ளே வந்தாள். அது தான்தான் என்று விளங்க நேரம் எடுத்தது, ஏனென்றால் தன் முதுகை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெண் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு ஈரத்தை அவிழ்த்தாள். அதற்கு மேல் நிமலினி பார்க்கவில்லை. இன்னொரு வீடியோத் துண்டும் இருக்கிறது, அதில் அவள் ஜஸ்ரினைத் துடைக்கிறாள் என்று கோபிகா சொன்னாள். படத்துக்குக் கீழே தமிழில் அவளுடைய பெயரும், கடை இருக்கும் இடமும் எழுதியிருந்தது.

எங்கோ இருந்து எவனோ கமராவுக்குள் புகுந்து, எடுத்ததை இணையத்தில் ஒரு கெட்ட இடத்தில் போட்டிருக்கிறான். அங்கிருந்து அது வட்ஸ்அப்பில் ஊருக்கு வந்திருக்கிறது. உள்ளே புகுந்தவனுக்கு அவளுடைய பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. பெயரை எழுதியது ஊர்.

அன்று அவள் நேரத்தோடே வீட்டுக்குப் போய், முதலில் கமராவின் வயரைப் பிடுங்கினாள். பிறகு கட்டிலருகே இருந்து ஜஸ்ரினுக்குச் சொன்னாள். அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தான். அவளைத் தேற்ற ஏதோ சொல்லப் போனவன் திடீரென்று நிறுத்திவிட்டான்.

"நிமலி, மத்தியானத்திலை அது திரும்பின நேரமெல்லாம் நீர்தானே?"

அவள் பிடுங்கிப் போட்ட வயரைப் பார்த்தாள்.

"நான் கதைச்சதெல்லாம் கேட்டதெண்டு சொன்னனீர்."

"சில நாள் கேட்டனான்."

"மற்ற நாள்?"

"கடையிலை சனம். கேட்டனான் எண்டு சொன்னால் உங்களுக்குச் சந்தோசமாயிருக்கும் எண்டு…"

அவன் சுவரில் இருந்த கமராவை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப நான் ஆரோடை கதைச்சனான்?" என்று கேட்டான்.

அவளுக்கு ஊர் பார்த்தது ஒரு பக்கம் இருக்க, இந்தக் கேள்விதான் நெஞ்சில் இறங்கியது. என்ன சொன்னீர்கள், இப்போது எனக்குச் சொல்லுங்கோ என்று கெஞ்சினாள். "ஒருக்கால் சொன்னதைப் பேந்து சொல்ல வருதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொலிசில் முறைப்பாடு கொடுக்க ஜஸ்ரினின் அக்கா ஐரிஸ் தெல்லிப்பழையிலிருந்து வந்து கூடப் போனாள். எழுதிய உத்தியோகத்தர் கெட்டவரல்ல. கதிரை போட்டு, தண்ணீரும் தரச் சொன்னார். ஆனால் அவர் கேட்டதெல்லாம் அவளைப் பற்றியதாகவே இருந்தது. ஏன் படுக்கிற இடத்தில் கமரா வைத்தீர்கள்? பூட்டினவன் தந்த பாஸ்வேர்ட்டை மாற்றினீர்களா? கமரா இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் அதற்கு முன்னால் உடுப்பு மாற்றினீர்கள்? அவள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னாள். பாஸ்வேர்ட் மாற்றவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னாள். உள்ளே புகுந்தவனைப் பற்றிக் கேட்க அங்கே ஒரு கேள்வியும் இருக்கவில்லை. கொழும்புக்கு அனுப்புகிறோம், அவன் எந்த நாட்டில் இருக்கிறானோ தெரியாது என்றார். அவளுடைய பெயரை எழுதிப் பரப்பியவர்கள் இங்கேதானே இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "ஆரெண்டு நாங்கள் பிடிக்கிறது, அம்மா? முழுச்சனமும்தானே அனுப்பியிருக்கு" என்றார்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் ஐரிஸ் சொன்னாள்: "கோவிக்காதையும் நிமலினி. புருஷன் படுக்கிற இடத்திலை ஆரும் உதைப் பூட்டுவினமே? அவன்தான் ஏலாமல் கிடக்கிறான். உமக்கெண்டாலும் யோசினை இருந்திருக்க வேணும்."

"அவரைப் பாக்கத்தான் மச்சாள் பூட்டினது."

"பாத்தது போதும்தானே இப்ப" என்று ஐரிஸ் வெளியே பார்த்துக்கொண்டாள்.

சுதாகரனிடம் கேட்டதற்கு, "நான் அக்காவிட்டை பாஸ்வேர்ட்டை மாத்தச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்" என்றான். அவன் அப்படிச் சொன்ன ஞாபகம் அவளுக்கு இல்லை. ஆனாலும் சொல்லியிருப்பானோ, தனக்குத்தான் காதில் விழவில்லையோ என்று நாட்கணக்காகக் குழம்பினாள். அந்தக் கிழமை முழுக்கச் சுதாகரன் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், தான் பூட்டிய கமராக்களுக்கெல்லாம் பாஸ்வேர்ட்டை மாற்றிக்கொண்டு திரிந்ததைக் குணலட்சுமி கண்டாள். ஏன் என்று அவனை யாரும் கேட்கவில்லை.

அவள் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. அதுவும் பேச்சானது, இதற்குப் பிறகும் எப்படி முகம் காட்டுகிறாள் என்றார்கள். முன்பின் தெரியாத ஆண்கள் தலையிடிக்குப் பனடோல் ஒரு கார்ட் வாங்க வந்தார்கள். காசைத் தந்துவிட்டு மருந்தை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெரிந்தவர்கள் கோபிகாவிடம் மட்டும் வாங்கினார்கள். பத்து வருடமாகக் குரலைத் தணித்து அவளிடம் மருந்து கேட்ட பெண்கள்கூடக் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டார்கள். பரமலிங்கம் ஒரு நாள் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, கொஞ்ச நாளைக்குப் பின்னுக்கு நிண்டு கணக்குகளைப் பாருமன். உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன்." அவர் உண்மையிலேயே நன்மைக்குத்தான் சொன்னார். கோபிகா அவளைப் போனைக் காட்டக் கூப்பிட்ட அதே பின்னறையில், பெட்டிகளுக்கு நடுவே அவள் கதிரையைப் போட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் போதகர், இந்தக் காலத்துக் கருவிகளோடு விழிப்பாக இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். அவர் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அடுத்த கிழமை சபை மூப்பர் டானியல் மாஸ்ரர் ஜெபம் பண்ண வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜஸ்ரினுக்கு ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவர். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு இதமாகத்தான் தொடங்கினார்.

"உங்களிலை பிழையெண்டு நான் சொல்ல வரேல்லை, ஜஸ்ரின். ஆனால் நாங்களும் கொஞ்சம் கவனமாயிருக்க வேணும்தானே. திறந்த வாசலை விட்டுப்போட்டு ஆரையும் நோகக் கூடாது."

ஜஸ்ரின் தலையணையில் தலையைத் திருப்பினான்.

"பாஸ்வேர்ட்டை மாத்தாதது எங்கடை கவலையீனம்தான், மாஸ்ரர். அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. நீங்கள் அந்தப் படத்தைப் பாத்தனீங்களோ?"

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆரோ அனுப்பினது. திறந்தாப்பிறகுதான் என்னெண்டு தெரிஞ்சது."

"தெரிஞ்சாப்பிறகு மூடினனீங்களோ?"

முற்றத்தில் குணலட்சுமி வீட்டுக் கோழிகள் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஜெபம் பண்ணுவம்" என்றார்.

"இண்டைக்கு வேண்டாம், மாஸ்ரர்" என்றாள் நிமலினி. அவருக்கென்று ஊற்றிய தேத்தண்ணி கதிரைக்குப் பக்கத்தில் ஆறிப்போய் இருந்தது.

அதற்குப் பிறகு ஹோலில் ஒரு சீலையைக் குறுக்கே கட்டினாள். கமரா சுவரிலிருந்து போய்விட்ட பிறகும், அந்த இடத்தில் இருந்த இரண்டு ஆணித் துளைகளுக்கு முன்னால் அவளால் உடுப்பு மாற்ற முடியவில்லை. சின்ன அறைக்குள் போய், யன்னலைச் சாத்தி, விளக்கையும் போடாமல் மாற்றினாள். ஜஸ்ரினைத் துடைக்கும்போது பாடுவதை விட்டுவிட்டாள். அவன் ஒரு நாள், "ஒரு பாட்டுப் படியுமன்" என்றான். வாயைத் திறந்தாள். வரவில்லை. அவனும் முன்னைப்போலப் பேசுவதில்லை. மத்தியானத்தில் குணலட்சுமி வந்து பார்க்கும்போது பேசாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பான் என்று அவள் சொன்னாள்.

"திரும்பப் பூட்டுவமோ?" என்று அவனே ஒருமுறை கேட்டான். "வேறை பாஸ்வேர்ட் போட்டு. நீர் நாள் முழுக்க என்னை நினைச்சுப் பயந்துகொண்டு நிப்பீர்."

"என்னாலை ஏலாது" என்றாள் அவள்.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், குணலட்சுமி சோறு கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போன பிறகு, ஜஸ்ரினுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. மழைச் சத்தத்தில் அவன் கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. பின்னேரம் குடையோடு உள்ளே வந்த நிமலினி, அவனுடைய கை கட்டிலுக்கு வெளியே தொங்குவதைக் கண்டாள். தொட்டபோது குளிர்ந்திருந்தது.

காலில் கட்டிய இரத்தக் கட்டி சுவாசப்பைக்குப் போய் அடைத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் விளங்கப்படுத்தினார். "இப்பிடிக் கிடக்கிற ஆக்களுக்கு வாறதுதான். நீங்கள் பக்கத்திலை நிண்டிருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாது, அம்மா." நிமலினி அதைத் தலையாட்டிக் கேட்டாள். ஆனால் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

செத்தவீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. அவனுடைய வானுக்குள் பாடிக்கொண்டு போன பிள்ளைகள் உயர்ந்து வளர்ந்து வந்து நின்றார்கள். பந்தலுக்குக் கீழே கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. கமரா இருந்திருந்தால் பாத்திருக்கலாம். சனத்தின்ரை கதைக்குப் பயந்து அதைக் கழட்டிப்போட்டு அந்த மனுஷனைத் தனிய விட்டிட்டுப் போயிருக்கிறா. ஐரிஸ் தம்பியின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுகிற அழுகையில் அதையே சொல்லி அழுதாள். நிமலினி மறுத்துப் பேசவில்லை. பூட்டியதும் குற்றம், கழற்றியதும் குற்றம் என்றால் இடையில் எங்கே நிற்பது என்று யோசிக்கவும் அவளுக்குச் சக்தி இருக்கவில்லை. அவளுடைய மனம் வேறொன்றிலே நின்றது. அந்த மத்தியானங்களில் அவன் தனக்கென்று சொன்ன கதைகளெல்லாம் எங்கோ தெரியாத ஒருவனிடம் போய்விட்டன. அவற்றுக்குரியவள் அவற்றை ஒருநாளும் கேட்கப் போவதில்லை. கேட்டவன் ஒருவேளை மொழி தெரியாதவனாக இருக்கலாம். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கவும் கூடும். அப்படியானால் அவை ஒருவரிடமும் போகவில்லை. எது பெரிய துக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தவக்காலம் வந்தபோது ஐரிஸ் ஒரு பை மாம்பழத்தோடு தெல்லிப்பழையிலிருந்து வந்தாள். டொக்டர் சொன்னதை நிமலினி அப்போதுதான் அவளிடம் சொன்னாள்.

"அதை ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"கேட்டிருப்பீங்களோ, மச்சாள்?"

ஐரிஸ் மாம்பழத்தைச் சீவிக்கொண்டே இருந்தாள். போகும்போது அவளைக் கட்டிப்பிடித்தாள். அது மன்னிப்புக் கேட்டதுதானா என்று நிமலினிக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவளும் இறுக்கிப் பிடித்தாள்.

பொலிசிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. பாமசியில் அவள் யாரையும் கேட்காமல், ஒரு திங்கட்கிழமை பின்னறையிலிருந்து எழும்பி வந்து முன்னால் பழைய இடத்தில் நின்றாள். பரமலிங்கம் பார்த்தார், கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஊருக்கு வேறு கதைகள் கிடைத்திருந்தன.

சித்தங்கேணிப் பக்கமிருந்து ஒரு பெண் தகப்பனுக்குப் பாரிசவாத மருந்து எடுக்க வந்தாள். மருந்தை வாங்கிய பிறகும் போகாமல், பின்னால் ஆட்கள் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதையுங்கோ. நான் வேலைக்குப் போனால் ஐயா தனிய. ஒரு கமரா பூட்டுவமெண்டு யோசிக்கிறம். உங்களுக்கு…" என்று இழுத்தாள்.

நிமலினிக்கு முதலில் கோபந்தான் வந்தது. அந்தப் பெண்ணின் கண்ணில் வேடிக்கை எதுவும் இல்லை, பயம் மட்டுந்தான் இருந்தது என்று கண்ட பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பூட்டுங்கோ. பூட்டினவன் போன உடனை பாஸ்வேர்ட்டை நீங்களே மாத்துங்கோ. உடுப்பு மாத்தேக்கை, ஐயாவைக் கழுவேக்கை அதுக்கு மேலை ஒரு துணியைப் போடுங்கோ. 'உங்களோடை நான் கதைக்காத நேரம் அது திரும்பினால் எனக்குச் சொல்லுங்கோ' எண்டு ஐயாவிட்டைச் சொல்லி வையுங்கோ."

"அப்ப ஒண்டும் நடவாதே, அக்கா?"

"அது எனக்குத் தெரியாது, பிள்ளை. வாறவன் எப்பிடியும் வருவான். வந்தால், ஏன் பூட்டினனீ எண்டு உங்களிட்டைக் கேக்கக் கனபேர் வருவினம். அவைக்கு மறுமொழி சொல்லிக் களைச்சுப் போகாதையுங்கோ. வீட்டிலை இருக்கிற மனுஷனோடை கதையுங்கோ."

அந்தப் பெண் தலையாட்டினாள். நிமலினி மருந்துப் பையை வாங்கித் திறந்து, வெள்ளைக் குளிசை காலையில், மஞ்சள் சாப்பாட்டுக்குப் பிறகு என்று இன்னொரு முறை சொல்லிக் கொடுத்தாள்.